பதில் அடிக்க நேரம் தராத கோல்: லிவர்பூல் 5, அலவேஸ் 4

கேள்வி இதுதான்: 2001 யூஈஎஃப்ஏ கோப்பை (ஐரோப்பியக் கால்பந்து கிளப்புகளுக்கான போட்டி) இறுதியாட்டத்தின் சுருக்கக் காணொளியில், 4-4 என்று இருக்கும்போது ஒரு சேம் சைடு கோல் விழுகிறது, நேரம் மீதமிருந்தும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அது ஏன்? அலவேஸ் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை, அவர்கள் எப்படி லிவர்பூலுக்கு எதிராக நான்கு கோல் அடித்தார்கள்? லிவர்பூலின் தடுப்பு அவ்வளவு மோசமா?

முதல் பகுதிக்குச் சுருக்கமான பதில், அப்போது 'கோல்டன் கோல்' என்ற விதி இருந்தது. கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் அடித்தாலும் அந்த நொடியே ஆட்டம் முடிந்தது. தோற்கும் அணி மறுபடி பந்தை நடுவில் வைத்துத் தொடங்கக்கூட முடியாது. அந்த விதி அன்று ஏன் அத்தனை வலித்தது என்பது முழு ஆட்டத்தையும் பார்த்தால்தான் புரியும். நான் பலமுறை முழுதாகப் பார்த்த ஆட்டம் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அலவேஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில் விட்டோரியா என்று ஓர் ஊர். அன்றைக்கு மக்கள்தொகை சுமார் இரண்டு லட்சம். அந்த ஊர் அணிதான் அலவேஸ், 1921இல் தொடங்கியது. பக்கத்திலேயே பில்பாவோவில் அத்லெடிக், சான் செபாஸ்டியனில் ரியல் சொசியேடாட் என்று இரண்டு பெரிய பாஸ்க் அணிகள் இருந்ததால் இவர்களை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. பல பத்தாண்டுகள் கீழ்ப் பிரிவுகளிலேயே கிடந்து, 1998இல்தான் முதல் பிரிவுக்கு ஏறி வந்தார்கள். 1999-2000 பருவத்தில் ஆறாம் இடம். அதனால் கிடைத்ததுதான் யூஈஎஃப்ஏ கோப்பை வாய்ப்பு. அதற்கு முன் அவர்கள் ஐரோப்பியப் போட்டி எதிலும் ஆடியதே இல்லை.

முதல் முறையே இறுதியாட்டம் வரை வந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. நான்காவது சுற்றில் இன்டர் மிலான் வந்தது. சொந்த ஊரில் 3-3. அத்தோடு கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். மிலானில் சான் சிரோ மைதானத்துக்குப் போய் 2-0 என்று ஜெயித்துத் திரும்பினார்கள். அரையிறுதியில் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன். இங்கே 5-1, அங்கே 4-1, மொத்தம் 9-2! ஒரு ஐரோப்பிய அரையிறுதியில் இப்படி ஒரு கணக்கு எப்போதாவதுதான் வரும். ஆகவே இறுதியாட்டத்தில் நான்கு கோல் அடித்தது திடீரென நிகழ்ந்த ஒன்றல்ல, அந்த அணி வழக்கமாகச் செய்துவந்த வேலைதான்.

அணியின் பயிற்சியாளர் ஹோசே மனுவேல் எஸ்னால். எல்லோரும் மனே என்றே கூப்பிடுவார்கள். (பிற்காலத்தில் லிவர்பூலில் ஆடிய சாடியோ மனேவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) முன்வரிசையில் ஹவி மொரேனோ, அந்தப் பருவத்தில் ஸ்பானிய லீகில் மட்டும் 22 கோல் அடித்தவர். வலது ஓரத்தில் ருமேனியாவின் கோஸ்மின் கோன்ட்ரா. நடுவில் ஜோர்டி க்ரைஃப், நெதர்லாந்தின் கால்பந்து மேதை யோஹான் க்ரைஃபின் மகன். மான்செஸ்டர் யுனைடெட்டில் நான்கு பருவங்கள் இருந்தும் நிலைக்க முடியாமல் ஸ்பெயினுக்குத் திரும்பியவர். பெரிய அணிகள் வேண்டாம் என்று விட்டவர்களும் அவர்கள் கண்ணில் படாதவர்களும் சேர்ந்த கூட்டம் அது.

எதிரே லிவர்பூல். ஜெரார் ஊலியே பயிற்சியாளர். பிப்ரவரியில் இங்கிலாந்தின் லீக் கோப்பையை வென்றாகிவிட்டது. மே 12ஆம் தேதி இங்கிலாந்தின் இன்னொரு கோப்பையான எஃப்ஏ கோப்பை இறுதியில் ஆர்சனலிடம் 1-0 என்று பின்தங்கி, கடைசி நேரத்தில் மைக்கேல் ஓவன் அடித்த இரண்டு கோலில் ஜெயித்தார்கள். அதற்கு நான்காம் நாள், மே 16, ஜெர்மனியில் டார்ட்மண்டின் வெஸ்ட்ஃபாலன் மைதானத்தில் இந்த இறுதியாட்டம். அந்தப் பருவத்தில் லிவர்பூல் ஆடிய மொத்த ஆட்டங்கள் 63, இது 62ஆவது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பு மோசமா என்று கேட்டீர்களே, அதற்குப் பாதிப் பதில் இந்த எண்ணிலேயே இருக்கிறது, கால்கள் அவ்வளவு களைத்திருந்தன.

தடுப்பு மோசமில்லை. சாமி ஹூப்பியாவும் ஸ்டெஃபான் ஆன்ஷோவும் நடுவில் நின்றால் அந்த ஆண்டு ஐரோப்பாவில் யாரும் எளிதாகத் தாண்டிவிட முடியாது. அரையிறுதியில் பார்சலோனாவோடு இரண்டு ஆட்டங்கள், மொத்தம் 1-0. பார்சலோனாவால் 180 நிமிடத்தில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. அப்படிப்பட்ட அணி ஒரே இரவில் நான்கு வாங்கியது என்றால், எதிரே இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

நான்காவது நிமிடம் லிவர்பூல் வீரர் கேரி மெக்கலிஸ்டரின் ஃப்ரீ கிக், மார்க்குஸ் பாபெல் தலையால் முட்டி 1-0. பதினாறாவது நிமிடம் ஓவன் நடுவில் பிளந்து கொடுத்த பந்து, இருபது வயது ஸ்டீவன் ஜெரார்டு ஓடி வந்து அடித்தார், 2-0. அலவேஸ் ஐந்து பேர் கொண்ட தடுப்பு வரிசையோடு இறங்கியிருந்தது. அந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓவனின் வேகத்துக்கு அவர்களிடம் மருந்து இல்லை. இப்படியே போனால் ஐந்தோ ஆறோ விழும் என்றுதான் தோன்றியது.

இங்கேதான் மனே ஒன்று செய்தார். என் கணக்கில் அந்த இரவின் மிகத் துணிச்சலான முடிவு அதுதான். இன்னும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. 23ஆவது நிமிடத்தில், நடுத்தடுப்பில் நின்ற நார்வேக்காரர் டான் எக்கனை வெளியே அழைத்துவிட்டு இவான் அலோன்சோ என்ற உருகுவே ஸ்ட்ரைக்கரை உள்ளே அனுப்பினார். இரண்டு கோல் பின்தங்கிய சின்ன அணி, இன்னும் விழாமல் பார்த்துக்கொள்வோம் என்று கதவைச் சாத்துவதுதான் வழக்கம். இவர் கதவைக் கழற்றியே வைத்துவிட்டார். நாலே நிமிடம். வலது பக்கமிருந்து கோன்ட்ரா தூக்கிப் போட்டார், அலோன்சோ தலையால் முட்டினார், 2-1.

அந்த நிமிடத்திலிருந்து ஆட்டத்தின் முகமே மாறியது. கோன்ட்ரா பெயருக்குத்தான் தடுப்பு ஆட்டக்காரர். அவர் நின்ற இடமெல்லாம் எதிரணியின் கார்னர் கொடிக்குப் பக்கத்தில். லிவர்பூலின் இடது பக்கத்தில் ஜேமி காரகர் ஆடினார். இயல்பில் வலதுகாலர், அந்த இடத்துக்கு ஆளில்லாமல் நிறுத்தப்பட்டவர். கோன்ட்ரா திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே வந்தார். காரகர் தோற்றார் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு ஆள் இரண்டு ஆள் வேலை பார்க்க வேண்டியிருந்தது.

இடைவேளைக்குச் சற்று முன், அலவேஸ் கோல்கீப்பர் ஹெரேரா ஓவனைத் தட்டி விழவைத்தார். பெனால்டி. மெக்கலிஸ்டர் அடித்தார், 3-1. அலவேஸ் நன்றாக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்த கோல் அது. அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இடைவேளை முடிந்து வந்த சில நிமிடங்களிலேயே ஆட்டம் சமமாகிவிட்டது! 48ஆவது நிமிடம், மறுபடியும் வலது பக்கம், மறுபடியும் கோன்ட்ரா, இந்த முறை தலை ஹவி மொரேனோவுடையது. 3-2. 51ஆவது நிமிடம் பெனால்டி பெட்டிக்கு வெளியே ஒரு ஃப்ரீ கிக். லிவர்பூலின் சுவர் பந்து மேலே வரும் என்று எம்பிக் குதித்தது. மொரேனோ தரையோடு தரையாக, குதித்த கால்களுக்கு அடியில் அடித்தார். 3-3. இப்போதெல்லாம் ஃப்ரீ கிக் சமயத்தில் சுவருக்குப் பின்னால் ஒருவர் நீட்டிப் படுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அந்தப் பழக்கம் கிடையாது. அந்த இடைவெளியைக் கண்டு அடிக்க, ஒரு இறுதியாட்டத்தில், நிதானம் வேண்டும்.

இனி ஒரு வருத்தமான விஷயம். 65ஆவது நிமிடம் வாக்கில், இரண்டு கோல் அடித்திருந்த அதே மொரேனோவை மனே வெளியே எடுத்துவிட்டு பாப்லோவை இறக்கினார். முதல் பாதியில் அத்தனை தைரியமாக யோசித்தவர் இங்கே தவறு செய்தார் என்றே நினைக்கிறேன். மொரேனோ களத்தில் இருந்தவரை லிவர்பூலின் தடுப்பு பின்வாங்கியே நின்றது. அவர் போனதும் லிவர்பூல் கொஞ்சம் மூச்சு விட்டது. பாப்லோ பிற்பாடு தன் பங்கைச் செய்தார் என்பதும் உண்மை, அதைச் சொல்கிறேன். ஆனாலும் அந்த மாற்றம் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஊலியே எமில் ஹெஸ்கிக்குப் பதிலாக ராபி ஃபௌலரை அனுப்பினார். லிவர்பூல் ரசிகர்கள் 'கடவுள்' என்று கூப்பிடும் ஆள், அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 73ஆவது நிமிடம் மெக்கலிஸ்டர் தள்ளிக் கொடுத்த பந்தோடு பெட்டியின் குறுக்கே ஓடி, தரையோடு மூலையில் அடித்தார். 4-3. வந்து பத்து நிமிடத்தில். இதோடு முடிந்தது என்று யார் வேண்டுமானாலும் சொல்லியிருப்பார்கள்.

அலவேஸ் சொல்லவில்லை. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னர். பாப்லோ அடித்த பந்து. ஜோர்டி க்ரைஃப் எல்லோருக்கும் முன்னால் எம்பினார். கோல்கீப்பர் வெஸ்டர்வெல்டு வெளியே வந்தும் பந்து எட்டவில்லை. 4-4! லிவர்பூலின் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டில் இடம் கிடைக்காதவர், லிவர்பூல் கோப்பையைத் தொடப்போன நேரத்தில் அதைத் தட்டிவிட்டார். கால்பந்தில் இப்படிப்பட்ட பொருத்தங்கள் தானாக அமையும். யாராவது கதையாக எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு கோல் இடைவெளி இரண்டு முறை விழுந்தது, இரண்டையும் குறைத்தார்கள். ஒருமுறை 3-3, ஒருமுறை 4-4 என்று சமனும் செய்தார்கள். அன்று அலவேஸ் ஒரு நிமிடம்கூட முன்னிலையில் இருந்ததில்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான், வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் திருப்பிப் பதில் கொடுத்தார்கள்.

அப்புறம் வந்தது கூடுதல் நேரம், அதோடு கோல்டன் கோல். அதாவது பதிலடியிலேயே உயிர் வாழ்ந்த ஒரு அணியை, பதிலடியே கூடாது என்று சொல்லும் விதிக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

ஃபிஃபா இந்த விதியை 1993இல் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கூடுதல் நேரத்தில் இரு அணிகளும் பயந்து பின்வாங்கி, பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போகட்டும் என்று நேரத்தை ஓட்டின. முதல் கோலே முடிவு என்றால் துணிந்து ஆடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. ஒரு தவறு செய்தால் போச்சு என்ற பயத்தில் இன்னும் ஒடுங்கினார்கள். நாடுகள் மோதும் 1996 யூரோ கோப்பையை ஜெர்மனியின் பியர்ஹாஃபும், 2000 யூரோ கோப்பையை ஃபிரான்ஸின் ட்ரெஸெகேயும் இந்த விதியில்தான் முடித்தார்கள்.

டார்ட்மண்டில் அந்தக் கூடுதல் நேரத்திலும் அலவேஸ் ஒடுங்கவில்லை. ஆனால் கால்கள் கேட்கவில்லை. 99ஆவது நிமிடம் வாக்கில் பிரேசில்காரர் மக்னோ சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்து பேர். 116ஆவது நிமிடம் கேப்டன் கார்மோனா, லிவர்பூலின் ஸ்மிட்ஸரை இடது ஓரத்தில் இழுத்துத் தடுத்தார். இரண்டாவது மஞ்சள் அட்டை. ஒன்பது பேர். இன்னும் நான்கு நிமிடம் தாக்குப்பிடித்தால் பெனால்டி.

கார்மோனா போனதால் கிடைத்த அந்த ஃப்ரீ கிக்கை அடிக்க வந்தவர் மெக்கலிஸ்டர். அவருக்கு அப்போது 36 வயது. முந்தைய கோடையில் கவென்ட்ரி அணியிலிருந்து, லிவர்பூல் காசு எதுவும் கொடுக்காமலே வந்தவர். இந்த வயதில் இவரை எதற்கு எடுத்தார்கள் என்று லிவர்பூல் ரசிகர்களே முகம் சுளித்தார்கள். அவர் பந்தைத் தரையில் வைத்து, வளைத்து உள்ளே அனுப்பினார். முன்கம்பத்துக்குப் பக்கத்தில் அலவேஸின் டெல்ஃபி ஜெலி எம்பினார். வெளியே தள்ளத்தான் எம்பினார். பந்து அவர் தலையின் பின்பக்கம் உரசி, வெளியே வந்துகொண்டிருந்த ஹெரேராவைத் தாண்டி, சொந்த வலைக்குள் விழுந்தது.

5-4. ஆட்டம் முடிந்தது.

லிவர்பூல் வீரர்கள் ஓட, அலவேஸ் வீரர்கள் நின்ற இடத்திலேயே புல்லில் சரிந்தார்கள். யூஈஎஃப்ஏ கோப்பை இறுதியாட்டங்களில் கோல்டன் கோலால் முடிந்தது இது ஒன்றுதான், அதுவும் ஒரு சேம் சைடு கோல்.

நேர்மையாகவே சொல்கிறேன். அந்த விதி இல்லாமல் மிச்ச மூன்று நிமிடமும் ஆடியிருந்தால் அலவேஸ் சமன் செய்திருக்குமா? ஒன்பது பேரை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் முடிந்திருக்காது. ஆகவே கோப்பையை லிவர்பூலிடமிருந்து பிடுங்கிக் கொடுக்க நான் வாதாடவில்லை. ஆனால் 2-0க்கும் பதில் வைத்திருந்த, 3-1க்கும் 4-3க்கும் பதில் வைத்திருந்த அணிக்கு, 5-4க்குப் பதில் தேட மூன்று நிமிடம் கொடுத்திருக்க வேண்டும். தோற்றாலும் ஓடித் தோற்றிருப்பார்கள். அந்த விதியையும் அதன் பின் 2003இல் அரைகுறையாகக் கொண்டுவந்த சில்வர் கோல் விதியையும் (கூடுதல் நேரத்தின் ஒரு பாதி முடியும்போது முன்னிலையில் இருப்பவர் வென்றதாகக் கணக்கு) 2004க்குப் பிறகு எடுத்தே விட்டார்கள். நல்லதைச் செய்தார்கள்.

லிவர்பூல் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த இரவின் ஐந்து கோலில் நான்கில் மெக்கலிஸ்டரின் கால் இருக்கிறது: பாபெலுக்கு ஃப்ரீ கிக், தானே அடித்த பெனால்டி, ஃபௌலருக்குக் கொடுத்த பந்து, ஜெலியின் தலையில் பட்ட ஃப்ரீ கிக். ஆட்ட நாயகன் விருது அவருக்கே போனது, வேறு யாருக்கும் போயிருக்க முடியாது. 1985இல் பெல்ஜியத்தின் ஹெய்சல் மைதானத்தில் 39 ரசிகர்கள் இறந்த துயரத்துக்குப் பின் ஆண்டுக்கணக்கில் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்த அணி, 1984க்குப் பிறகு வென்ற முதல் ஐரோப்பியக் கோப்பை இது. மூன்றாம் நாள், 63ஆவது ஆட்டத்தில் சார்ல்டனை 4-0 என்று வென்று சாம்பியன்ஸ் லீகுக்கும் தகுதி பெற்றார்கள். கால் ஓய்ந்த நிலையிலும் அதைச் செய்தார்கள்!

இன்னொன்றும் கவனித்தேன். 2005இல் இஸ்தான்புல்லில் ஏசி மிலானிடம் 3-0 என்று பின்தங்கி 3-3 ஆக்கிய லிவர்பூலை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஜெரார்டு, காரகர், ஹூப்பியா, ஹமான், ஸ்மிட்ஸர் ஆகிய ஐந்து பேரும் டார்ட்மண்டிலும் ஆடியவர்கள். இறுதியாட்டத்தில் இரண்டு கோல் முன்னிலை எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதை மறுபக்கம் நின்று கண்ணால் பார்த்தவர்கள். இஸ்தான்புல் இடைவேளையில் அவர்கள் உடைந்துபோகாததில் அலவேஸுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

அலவேஸுக்கு அதன் பின் நல்ல காலம் நீடிக்கவில்லை. மொரேனோவையும் கோன்ட்ராவையும் ஏசி மிலான் உடனே வாங்கிக்கொண்டது. 2003இல் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 2009இல் மூன்றாம் நிலைக்கே போய்விட்டது. 2016இல் மறுபடி மேலே ஏறி, 2017இல் ஸ்பானியக் கோப்பை இறுதியாட்டம் வரை போய் பார்சலோனாவிடம் 3-1 என்று தோற்றார்கள். ஜெலி பிற்காலத்தில் கட்டலோனியாவின் ஜிரோனா கிளப்புக்குத் தலைவரானார்.

சுருக்கக் காணொளி பார்த்ததாகச் சொன்னீர்கள். அதில் கோல்கள் மட்டுமே இருக்கும், அவை ஏன் விழுந்தன என்பது இருக்காது. முழு ஆட்டமும் கிடைத்தால் 23ஆவது நிமிடத்திலிருந்து, எக்கன் வெளியேறும் இடத்திலிருந்து பாருங்கள். பந்து எங்கே போனாலும் விடுங்கள், இடைவேளை வரை வலது ஓரத்தில் கோன்ட்ரா எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.